விதிக்குக் கட்டுப்படும் வலி, விதி மீறும் வலி

நெஞ்சுவலியோடு பல ஆண்டுகள் வாழ்கிறவர்கள் நம்மிடையே உண்டு. மாடிப்படி ஏறினால், மூட்டை தூக்கினால், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே நடந்தால் நெஞ்சு இறுக்கும், நின்றால் விட்டுவிடும். மருத்துவர்கள் இதை நிலையான நெஞ்சுவலி என்கிறார்கள். அதே மனிதருக்கு, அதே இடத்தில், ஏறக்குறைய அதே இறுக்கத்தோடு இன்னொரு வலியும் வரலாம். அது நிலையற்ற நெஞ்சுவலி. மாரடைப்புக்கு முந்தைய படி அது. சில நேரம் மாரடைப்பே அதுதான். முன்னதற்கு மருத்துவர் சொன்ன தேதியில் போய்க் காட்டினால் போதும். பின்னதற்கு அந்த நிமிடமே ஆம்புலன்ஸ் வேண்டும்.

இந்த வேறுபாட்டை முதன்முதலில் தெளிவாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். 1768-ல் அவர் வாசித்த கட்டுரை 1772-ல் அச்சில் வந்தது. ஈசிஜி இருக்கட்டும், ஸ்டெதாஸ்கோப்கூட இல்லாத காலம். நோயாளிகள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டே எழுதினார். நடக்கும்போது, அதிலும் மேடேறும்போதும் சாப்பிட்ட பின்பும் வலி வருகிறது, நின்றதும் மறைகிறது என்று குறித்தார். மாதங்கள் போகப்போக, நின்றாலும் உடனே விடுவதில்லை, படுத்திருப்பவரையும் எழுப்பி உட்கார வைத்துவிடுகிறது என்றும் குறித்தார். இதயத்தின் ரத்தக்குழாய்தான் காரணம் என்பது அவருக்குத் தெரியாது. ஆனாலும் வலியின் போக்கு மாறுவதைப் பார்த்திருந்தார். இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் அவசரப் பிரிவு மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் போக்கைத்தான்.

உள்ளே நடப்பது இரண்டிலும் வேறு. நிலையான வலியில், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவரில் கொழுப்புப் படிவு மெல்ல மெல்லச் சேர்ந்து, இறுகி, வழியைக் குறுக்கியிருக்கும். சும்மா இருக்கும்போது வரும் ரத்தம் போதும். வேகமாக நடந்தால் தேவை கூடும், வரத்து கூடாது, அதனால் வலிக்கும். தேவை குறைந்ததும் வலி போகும். நிலையற்ற வலியில் அந்தப் படிவின் மேல்தோல் கிழிந்துவிடுகிறது. கிழிசலில் ரத்தத் தட்டணுக்கள் வந்து ஒட்டி, நிமிடக் கணக்கில் ரத்தம் உறைகிறது. இதற்கு மாடிப்படி ஏற வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போதும் நடக்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கிழிவது பெரும்பாலும் அதிகம் குறுகிய இடத்தில் இருப்பதில்லை. அரைகுறையாக அடைத்திருந்த படிவுகூடக் கிழியலாம். போன மாதம் ட்ரெட்மில் சோதனை நார்மல் என்று வந்தவருக்கும் இந்த மாதம் மாரடைப்பு வருவது இதனால்தான்.

ஒருவர் தினமும் பூங்காவை மூன்று சுற்று நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது சுற்றில் நெஞ்சு இறுக்கும். பெஞ்சில் உட்கார்ந்தால் மூன்று நான்கு நிமிடத்தில் சரியாகிவிடும். ஒரு வருடமாக இப்படித்தான். இந்த வாரம் முதல் சுற்றிலேயே இறுக்குகிறது. நேற்று குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதே வந்தது. வலி முன்பைவிடக் கடுமையாக இல்லை என்பதால் வீட்டில் சொல்லவில்லை. இவர் ஏற்கனவே நிலையற்ற வலிக்கு வந்துவிட்டார். நாம் வழக்கமாக "எவ்வளவு வலிக்குது?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது, "முன்னாடி எதுக்கு வந்துச்சு, இப்ப எதுக்கு வருது?" என்பதுதான். குறைந்த வேலைக்கே வருவது, அடிக்கடி வருவது, நீடித்து நிற்பது, ஓய்வில் வருவது, தூக்கத்தில் எழுப்புவது: இதில் ஒன்று நடந்தாலும் பழைய வலி என்ற கணக்கு முடிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக வரும் நெஞ்சு இறுக்கத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய வரலாறே கிடையாது. அதையும் ஆபத்தாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழகிய நோயாளிகள் சட்டைப் பையில் சார்பிட்ரேட் மாத்திரை வைத்திருப்பார்கள். நாக்குக்கு அடியில் வைத்தால் ரத்தக்குழாய் தளர்ந்து வலி விடும். உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, நின்றுகொண்டிருப்பவர் மயங்கி விழக்கூடும். சில்டனாஃபில் போன்ற ஆண்மைக் குறைவு மாத்திரை சாப்பிட்டவர் இதைத் தொடவே கூடாது. மாத்திரை வைத்து ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை அல்லது கூடுகிறது என்றால் அதற்குமேல் காத்திருக்கக் கூடாது. இந்த மாத்திரை நம்மை ஏமாற்றவும் செய்யும். நிலையற்ற வலியும் கொஞ்ச நேரம் அடங்கி, திரும்ப வரும். மாதம் ஒரு அட்டை செலவான வீட்டில் வாரம் ஒரு அட்டை தீர்ந்தால், அந்தக் காலி அட்டையே எச்சரிக்கை.

"கேஸ்தான்" என்ற சொல் எத்தனை பேருடைய நேரத்தைத் தின்றிருக்கிறது! சோடா, இஞ்சிச் சாறு, ஜெலுசில் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. ஏப்பம் வந்து இலேசானதாகத் தோன்றினால் இதயம் தப்பித்தது என்று பொருளில்லை. குப்பென்று வியர்ப்பது, மூச்சு வாங்குவது, குமட்டுவது, தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ வலி பரவுவது ஆகியவை சேர்ந்தால் வாயு என்ற பேச்சுக்கே இடமில்லை. சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்கள் பலருக்கு வலி மங்கலாகவே இருக்கும்; மூச்சிரைப்பும் காரணமில்லாத களைப்பும்தான் தெரியும். நெஞ்சிலிருந்து முதுகுக்குக் கிழிப்பதுபோல் திடீரென்று பாயும் வலி பெருந்தமனி கிழிவதால் இருக்கலாம். அதில் ஆஸ்பிரின் கேடு செய்யும் என்பதால், அந்த மாத்திரையை மருத்துவரோ ஆம்புலன்ஸ் ஊழியரோ சொன்ன பிறகு கொடுப்பதே நல்லது.

சிகிச்சையில்தான் இரண்டுக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரிகிறது. நிலையான வலிக்கு ஸ்டென்ட் வைத்தால் வலி குறையும். ஆனால் நல்ல மாத்திரைகளோடு ஒப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் கூடுவதில்லை என்று 2007-ல் வந்த கரேஜ் ஆய்வும் 2020-ல் வந்த இஸ்கீமியா ஆய்வும் காட்டின. அங்கே யோசிக்க, இன்னொரு மருத்துவரைக் கேட்க, அவகாசம் இருக்கிறது. குழாய் முழுதும் அடைபட்ட மாரடைப்பில் அடைப்பைத் திறப்பதே உயிர் காக்கிறது. மருத்துவமனைக்குள் வந்து பத்து நிமிடத்தில் ஈசிஜி, தொண்ணூறு நிமிடத்துக்குள் பலூனால் அடைப்பைத் திறப்பது என்பது இலக்கு. அந்த வசதி தொலைவில் இருந்தால் உறைகட்டியைக் கரைக்கும் ஊசி. நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். நிலையான வலிக்கு, "அடைப்பு இருக்கு" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து நகையை அடகு வைக்கிறோம். உயிர் போகும் வலிக்கு, "விடியட்டும், பார்க்கலாம்" என்கிறோம்.

முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. சில மாரடைப்புகள் முதல் ஈசிஜியில் தெரியாது. இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் கூடவும் சில மணி நேரம் ஆகலாம். மருத்துவர் இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்றால் இருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனை தூரம் என்று தயங்கவும் வேண்டாம். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதற்கட்ட மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

உங்கள் வீட்டில் நெஞ்சுவலிக்காரர் யாராவது இருந்தால், இந்த வாரம் வலி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எத்தனை மாத்திரை வைத்தார் என்று இன்றைக்கே கேளுங்கள். பதில் போன மாதத்திலிருந்து மாறியிருந்தால் இன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். கேட்கும்போதே வலி இருந்தால் பைக்கில் ஏற்றாதீர்கள், நடக்க விடாதீர்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. நடுராத்திரியானாலும் கூப்பிடுங்கள்.