ஊராத்துறைச் சாசனமும் கணினிக் கலங்களும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்கவேண்டும். யானை குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. சரக்கேற்றி வந்தது உடைந்தால் சரிபாதி. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். சிங்கள மன்னன் ஏன் தமிழில் எழுதுவித்தான் என்று வியப்பார் உண்டு. துறையைப் பயன்படுத்துவோர் விதியை முன்கூட்டியே படித்தறிய வேண்டாமா?

கலத்துக்கும் துறைக்கும் இடையிலான இந்தப் பழைய பிரச்சினை இன்று கணினியினுள்ளே வேறு உருவில் நிகழ்கிறது. மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் இயக்கும் வடிவுக்கு மாற்றுவது தொகுப்பி. கோப்பைத் திறத்தல், எழுத்தை அச்சிடல் போன்ற பொதுவேலைகளுக்கான நிரல்கள் தனியே ‘நூலகம்’ என்ற பெயரில் வைக்கப்பட்டிருக்கும். (ஒரு புத்தகமும் இல்லாத இடத்துக்கு இப்பெயர் வாய்த்தது வேடிக்கைதான்.) தொகுக்கப்படும் நிரல் அந்நூலகத்துடன் ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறது: எதை எப்பெயரால் அழைப்பது, தரவை எவ்வொழுங்கிற் கொடுப்பது என்று. லினக்ஸை மக்களிடம் சேர்ப்பிக்கும் டெபியன், உபுண்டு, ரெட் ஹற் முதலிய வழங்கல்கள் வெளியீடுதோறும் தொகுப்பியையும் நூலகங்களையும் புதுப்பிக்கின்றன. உடன்படிக்கை மாறிவிட்டால் நேற்று ஓடிய கலம் இன்று கரைதட்டும்.

லினக்ஸ் பிறந்த 1991இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. அதற்கு முந்திய ஆண்டு இராணுவம் தீவுகளைக் கைப்பற்றியபோது மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்திருந்தனர். அந்தப் பொதுச்சொத்து நம் கைக்கு எட்டுமுன்னரே அதன் உட்பூசல்கள் தொடங்கிவிட்டன.

அவற்றுள் பெரும் பூசல் 2000 செப்டெம்பரில் மூண்டது. ரெட் ஹற் நிறுவனம் தன் 7.0 வெளியீட்டில் 2.96 என எண்ணிட்ட ஒரு குனு தொகுப்பியைச் சேர்த்தது. தொகுப்பியை ஆக்கிய குழுவினரோ, அப்படியொரு வெளியீடே தம்மிடம் இல்லை என்று அறிக்கை விட்டனர். அது தொகுத்த ஸி++ நிரல்கள் முந்திய தொகுப்பியோடும் இணங்கவில்லை, வரவிருந்த 3.0 உடனும் இணங்கமாட்டா. நிறுவனத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. ஸி++ தரத்தை அது பழையதைவிட நன்கு பின்பற்றியது. ஆனால் லினக்ஸின் கருவைத் தொகுப்பதற்கு மட்டும் அதே வெளியீட்டில் பழைய தொகுப்பி ஒன்றையும் ஒட்டிவைக்க நேர்ந்தது என்பதை எண்ணினால் சிரிப்பு வருகிறது.

2015இல் குனு தொகுப்பியின் ஐந்தாம் பதிப்பு எழுத்துச்சரத்தின் உள்ளமைப்பை மாற்றியபோது பழையதற்கும் புதியதற்கும் வேறுவேறு பெயரிட்டு, இரண்டையும் ஒரே நூலகத்தில் வைத்தனர். அடிப்படை நூலகமாகிய ஜிலிப்சியும் இவ்வழியே செல்கிறது: பழைய நிரல் புதிய வெளியீட்டில் பெரும்பாலும் ஓடும். மறுபுறம் அவ்வாறன்று. 2021இல் வந்த 2.34ஆம் பதிப்போடு தொகுத்த நிரல் அதற்கு முந்தியதில் தொடங்கவே தொடங்காது. டெபியன் 12இல் (ஜிலிப்சி 2.36) தொகுத்ததை டெபியன் 11 (2.31) ஏற்க மறுப்பது இதனாலேதான். ஆதலின் எல்லாருக்கும் பயன்பட வேண்டிய நிரலை, ஆதரிக்க வேண்டிய வழங்கல்களுள் மிகப் பழையதனுள்ளே வைத்துத் தொகுப்பது தொழிலறிந்தோர் வழக்கம்.

இணக்கம் முறிந்தால் செலவு யாருக்கு? வேகமான இணைப்பும் கூலிக்கு ஆளும் உள்ளவர் ஒரே இரவில் புதுப்பித்துவிடுவர். பழைய இயந்திரமொன்றை வைத்துக்கொண்டு தனியொருவராய் நிற்கும் ஆசிரியர் என் செய்வார்? 2020 டிசம்பரில் சென்ற்.ஓ.எஸ். 8இன் ஆயுளை 2029 வரை என்றிருந்ததிலிருந்து 2021 இறுதிக்குக் குறைத்ததும் ஒரு நிறுவனத்தின் முடிவே. மூலநிரலைத் திறந்துவைக்கும் உரிமம் மாத்திரம் இங்கே காப்பாகாது. அதைத் திரும்பத் தொகுக்கும் கருவியும் சார்புகளும் கையில் இல்லையேல் அவ்வுரிமை ஏட்டுச்சுரைக்காய்.

இது நமக்குத் தொலைதூர விவகாரமன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளின்மேல் அடுக்கிவருகிறது. மீடியாவிக்கியின் ஒவ்வொரு பதிப்பும் பி.எச்.பி. மொழியின் குறித்த பதிப்புகளைக் கேட்கிறது, பி.எச்.பி. நூலகங்களைக் கேட்கிறது; அவை வழங்கலின் வெளியீட்டைக் கேட்கின்றன. நெருப்பில்லாமலும் ஏடுகள் எட்டாமற்போகக் கூடும்.

டெபியன் குழுவினர் 2005 முதலான தம் பொதிகளை நாள்வாரியாகக் காத்துவைத்திருக்கின்றனர். 2013 முதல், ஒரே மூலத்தை எவர் தொகுத்தாலும் ஒரே விளைவு வருமாறு செய்யும் பணியும் அங்கே நடக்கிறது. ஒரு வெளியீட்டின் தொகுப்பி, நூலகங்கள், மூலநிரல் ஆகியன இன்று கையடக்கமான வன்வட்டொன்றில் அடங்கும். குறிகட்டுவானில் படகேறும் மாணவர் அதைச் சட்டைப்பையில் வைத்து நெடுந்தீவுக்குக் கொண்டுபோகலாம்.