இடுப்பு முறிவும் உலோக ஆணியும்: வன்னியை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக மட்டும் எழுதுவோர், அக்கருவிகள் பயன்படுவதற்கு வேண்டிய சூழலை மறந்துவிடுவதுண்டு. இடுப்பு மூட்டை அடுத்துத் தொடை என்பு முறியுமிடத்து உட்செலுத்தப்படும் ஆணியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். இம்முறிவு பெரும்பாலும் முதுமையில் வீழ்வோருக்கே நேர்கின்றது. மாதக்கணக்கில் அசையாது கிடக்கும் முதியோரைப் படுக்கைப் புண்ணும் நுரையீரல் அழற்சியும் குருதிக்கட்டும் பற்றுவதால், முறிவைவிடப் படுக்கையே அவர்களுக்குப் பெரும் ஆபத்தாக அமைந்தது.

வன்னிக் கிராமங்களிற் பரம்பரையாக வழங்கிவந்த முறிவு நெரிவு வைத்தியம், முறிந்த என்பை நேராக்கி, எண்ணெய் பூசி, சிம்பு வைத்துக் கட்டுவதாகும். முன்கை முறிவு போன்றவற்றில் இது பயன் தந்தது. ஆயின், தொடை என்பின் கழுத்து தடித்த தசைகளுக்குள் ஆழ்ந்திருப்பதாற் புறத்தே கட்டும் சிம்பு அதனை அசையாது பற்ற இயலாது. இக்குறை மேனாட்டு மருத்துவத்திற்கும் பொதுவானதே. மூட்டுறையினுள் நிகழும் கழுத்து முறிவு என்பினாற் பொருந்துதல் அரிது என்றே இங்கிலாந்தின் அஸ்ற்லி கூப்பர் 1822இல் எழுதினார்.

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிற் பணியாற்றிய ஸ்மித்-பீற்றர்சன் ஆவார். 1925இல் அவர் முதன்முதலாகப் பயன்படுத்தி, 1931இல் விளக்கி வெளியிட்ட ஆணி மூன்று சிறகுகளை உடையது. முறிந்த என்புத் தலை சுழலாதவாறு அச்சிறகுகள் தடுத்தன. 1932இல் சுவீடனைச் சேர்ந்த யொகான்சன் இதனை உட்டுளையுள்ளதாக்கி, எக்ஸ்-கதிர்ப் படத்தின் துணையோடு ஒரு கம்பியின் வழியே செலுத்தினார். இதனால் மூட்டைத் திறக்கவேண்டிய தேவை நீங்கிற்று.

எனினும், கழுத்துக்குக் கீழேயுள்ள புடைப்புப் பகுதி முறியும்போது தனி ஆணி போதவில்லை. எனவே 1937இல் தோர்ன்ரன் ஆணியோடு தகட்டை இணைத்தார். 1941இல் யூவெற் இரண்டையும் ஒரே துண்டாக்கினார். என்பு பொருந்துகையிற் சற்றே அமுங்கும் இயல்புடையதாதலால், நீளம் மாறாத இவ்வாணியின் நுனி சில வேளைகளில் என்புத் தலையைத் துளைத்தது. 1950களிற் பரவத் தொடங்கிய வழுக்கும் ஆணியும் திருகும் அவ்வமுக்கத்திற்கு இடங்கொடுத்தன. மறுபுறம், 1939இல் ஜேர்மனியின் கீல் நகரிற் குன்ற்சர் மச்சைக் குழியினுள் நீண்ட ஆணியைச் செலுத்தும் முறையைத் தொடக்கினார். அவ்வழியில் 1980களின் பிற்பகுதியில் வந்ததே காமா ஆணியாகும்.

இவ்விரு மரபுகளுள் எது சிறந்தது? மச்சைக் குழியிலுள்ள ஆணி உடற்பாரம் இறங்கும் கோட்டிற்கு அண்மையில் இருப்பதால் வளைவிசையை நன்கு தாங்குகின்றது. ஆயின், தொடக்ககாலக் காமா ஆணிகளின் நுனியருகே தொடை என்பு மீண்டும் முறிந்ததுண்டு. பிற்கால வடிவங்களில் இது குறைந்தது. பிரித்தானியாவில் 2011இல் வெளியான தேசிய வழிகாட்டல், சாதாரண புடைப்பு முறிவுகளுக்கு வழுக்கும் திருகையும், புடைப்புக்குக் கீழான முறிவுகளுக்கு மச்சை ஆணியையும் பரிந்துரைத்தது. நோயாளி சேர்க்கப்படும் நாளிலோ மறுநாளிலோ சத்திரசிகிச்சை நிகழவேண்டும் என்பதும் அதன் விதியாகும்.

இவ்விரண்டாவது விதியே வன்னிக்கு முதன்மையானது. எவ்வகை ஆணிக்கும் எக்ஸ்-கதிரும் மின்சாரமும் மயக்க மருந்தும் தொற்றற்ற சத்திரசிகிச்சைக் கூடமும் வேண்டும். 1990இற் போர் மீண்டும் மூண்டதன் பின், 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரை, வன்னியின் வடபகுதிக்கு எரிபொருளும் மருந்தும் கட்டுப்பாடுகளுடனேயே சென்றன. 2009 பெப்ரவரியிற் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு உள்ளாயிற்று. அதே மாதத்திற் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு நோயாளரைக் கடல் வழியே திருகோணமலைக்குக் கொண்டுசெல்லத் தொடங்கியது. ஆணி செலுத்த இயலாதவிடத்து எஞ்சுவது பாரந்தொங்கவிடும் இழுவைச் சிகிச்சையே. அஃதாவது, ஆணி எதிலிருந்து முதியோரை மீட்டதோ அந்தப் படுக்கையே.

போர் ஓய்ந்த பின்னரும் தூரம் குறைந்துவிடவில்லை. முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்திற்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அங்கிருந்து வவுனியாவுக்கு மேலும் செல்லவேண்டும். திருகா, மச்சை ஆணியா என்னும் வினா அறிஞருக்குரியது. வீழ்ந்த முதியவர் எத்தனை நாளில் எழுந்து நடப்பார் என்னும் வினா சமூகத்திற்குரியது. ஆணியின் வரலாறு பொருள் பெறுவது இரண்டாவது வினாவுக்கு விடை காணும்போதேயாகும்.