எல்லைத் தமிழரின் பழம் பதிவேடுகளும் 'தனிநபர் தகவல்' என்னும் மறுப்பும்

தேவிகுளம், பீருமேடு, சித்தூர் ஆகிய மூன்று வட்டங்களும் கேரளத் தமிழ்ச் சிறுபான்மையினரின் பகுதிகள் என்று இன்று ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. ஆவணங்களைத் தேடிச் செல்பவருக்கு அவை ஒரே நிலமல்ல. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூருக்கு உரியவை. சித்தூர் கொச்சி அரசின் பகுதி. அதனை அடுத்திருக்கும் பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று இவை யாவும் ஒரே மாநிலத்துக்குள் வந்தன. தாள்கள் திருவனந்தபுரம், எறணாகுளம், கோழிக்கோடு, சென்னை எனச் சிதறியே கிடக்கின்றன.

இத்தாள்களில் மிகுதியும் பெயர்களே. 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றதற்குப் பின், கங்காணிகள் வழியாக மலையேறிய தமிழ்த் தொழிலாளர்களுக்கு நிலப்பட்டாவோ வீட்டுப் பத்திரமோ இல்லை. அவர்கள் அங்கு வாழ்ந்தார்கள் என்பதற்குச் சான்று தோட்டப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, கோயில் அல்லது தேவாலயக் குறிப்பு ஆகியவையே.

இச்சான்று வெறும் ஆய்வுப் பொருளன்று. பட்டியல் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியாயிற்று. அந்நாளில் தம் முன்னோர் இம்மண்ணில் நிலைத்து வாழ்ந்தனர் என்று காட்டுவோருக்கே இங்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்கும். தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் ஏ. ராஜாவின் தேர்தல் வழக்கில் இது நாடறிய வெளிப்பட்டது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவரது வெற்றியைச் செல்லாததாக்கியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. இரு நீதிமன்றங்களிலும் எடுத்துக்கொள்ளப்பட்ட கேள்விகளுள் ஒன்று, 1950க்கு முன் ஒரு குடும்பம் எந்த மலையில் இருந்தது என்பதாகும். சட்டமன்ற உறுப்பினருக்கு வழக்கறிஞர்கள் உண்டு. கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும் மாணவிக்கு ஒரு பழைய பதிவேட்டின் நகலே வழக்கறிஞர்.

அந்நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்பவருக்கு வரக்கூடிய மறுமொழி ஒற்றை வரியில் முடியும்: 'தனிநபர் தகவல், வழங்க இயலாது.' இவ்வரிக்குப் பின் ஒரு வரலாறு உண்டு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, பொது நடவடிக்கையோடு தொடர்பற்ற, அல்லது தேவையின்றி அந்தரங்கத்தில் தலையிடும் தகவலையே விலக்கியது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என்ற விதியையும் அது கொண்டிருந்தது. 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கின் தீர்ப்பு இவ்விலக்கை விரித்தது. 2017இல் புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2019இல் சுபாஷ் சந்திர அகர்வால் வழக்கில் இரு உரிமைகளையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்று அரசியல் சாசன அமர்வு கூறியது. 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)ஆம் பிரிவு அந்தத் தராசையே அகற்றிற்று. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தபின், 'தனிநபர் தகவல்' என்ற சொல்லே விலக்குக்குப் போதுமானதாகிவிட்டது.

எனினும் அத்திருத்தம் தொடாத பிரிவுகள் உள்ளன. பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) நிற்கிறது. வரலாற்று மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டிய 8(3) நிற்கிறது: விண்ணப்ப நாளுக்கு 20 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவை பற்றிய தகவலுக்கு, நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைத் தாள்கள் ஆகிய மூன்று விலக்குகள் தவிரப் பிற பொருந்தா. அந்தரங்க விலக்கு அம்மூன்றில் ஒன்றன்று. ஆகவே கேள்வியின் அமைப்பு முதன்மையானது. 'இன்னாரைப் பற்றிய விவரம்' என்று கேட்பதைவிட, '1949ஆம் ஆண்டுச் சேர்க்கைப் பதிவேட்டில் இன்ன பதிவு' என நிகழ்வையும் ஆண்டையும் சுட்டிக் கேட்பதே தகும்.

பகுதியளவில் தகவல் தரும் 10ஆம் பிரிவும் உண்டு. நீதிபதி ஹேமா குழு அறிக்கை 2019 டிசம்பரில் கேரள அரசிடம் அளிக்கப்பட்டு, அந்தரங்கத்தைக் காரணம் காட்டிப் பல ஆண்டுகள் மறைக்கப்பட்டது. 2024 ஜூலையில் மாநிலத் தகவல் ஆணையம், அடையாளம் காட்டும் பகுதிகளை நீக்கி எஞ்சியதைத் தர ஆணையிட்டது. உயர் நீதிமன்றத்தில் எழுந்த எதிர்ப்பைக் கடந்து ஆகஸ்ட் 19 அன்று அது வெளிவந்தது.

இம்முன்னுதாரணம் நமக்குப் பாதியே உதவும். பெயர் நீக்கிய பின்னும் ஹேமா அறிக்கை பேசுகிறது. கூலியையும் நோயையும் இடப்பெயர்வையும் கணக்கிடும் ஆய்வாளருக்கும் பெயரற்ற பதிவேடு போதும். சாதியும் நோயும் எழுதப்பட்ட தாளில் அந்த மறைப்பை அவர் மனமுவந்து ஏற்பதே அறம். ஆனால் தன் பாட்டியைத் தேடும் பேத்திக்குப் பெயரே ஆவணம். அவர் அயலாரின் அந்தரங்கத்தைக் கேட்கவில்லை. தம் குடும்ப வரலாற்றைக் கேட்கிறார். இவ்விரு விண்ணப்பங்களையும் ஒரே வரியால் மறுப்பது சட்டத்தின் சோம்பல்.

தோட்ட நிறுவனம் பொது அதிகார அமைப்பன்று என்பது அடுத்த தடை. வேறொரு சட்டத்தின்படி அரசு அலுவலர் பெறக்கூடிய தனியார் தகவலும் 'தகவல்' என்றே 2(எஃப்) பிரிவு வரையறுக்கிறது. கோட்டயம் மாவட்டத்துத் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம், சங்கம் பொது அமைப்பன்று என்றபோதும், பதிவாளர் சட்டப்படி பெறக்கூடியதை அவரிடம் கேட்கலாம் என்றது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஆய்வாளர்களுக்குப் பதிவேடுகளைப் பார்வையிடும் அதிகாரம் அளித்திருந்தது. ஆதலால் தொழிலாளர் துறையின் ஆய்வுக் கோப்புகளிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.

மறுப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் முடிவிலிருந்து 90 நாட்களுக்குள் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்ய வேண்டும். மறுப்பு சரியானது என்று மெய்ப்பிக்கும் சுமை 19(5)இன்படி அலுவலருடையது. மேல்முறையீட்டில் மூன்று செய்திகள் தெளிவாக இருத்தல் வேண்டும்: நிகழ்வின் ஆண்டு, 8(3)இன் பொருத்தம், எதை மறைத்துத் தந்தாலும் ஏற்போம் என்னும் எல்லை. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் களப்பணி செய்யும் மாணவர்கள் தமக்கு வந்த மறுப்பாணைகளைப் பாதுகாத்து வையுங்கள். இன்னும் 20 ஆண்டுகளில் அவையும் வரலாற்று ஆவணங்களே.