நாம எந்த டீம்?

சேப்பாக்கத்தில் சென்னைக்கும் பெங்களூருக்கும் மேட்ச். மஸ்கட்டில் டிவி முன்னாடி உட்கார்ந்து பொண்ணு கேட்டாள், "நாம எந்த டீம்ப்பா?" ஊர் ராபர்ட்சன்பேட்டை, வீட்டில் தமிழ், மாநிலம் கர்நாடகா. முழிச்சேன்.

அந்த மைதானத்தில் இது பழைய சிக்கல்ங்க. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே அங்கேதான், 1934 நவம்பர் 4. மதராஸும் மைசூரும். எங்க தங்கவயல் அப்போ மைசூர் சமஸ்தானம். மைசூர் 48, மதராஸ் 130, மறுபடி மைசூர் 59. ஒரே நாளில் கதை முடிஞ்சது! ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட். (பேங்க்காரன் இல்லையா, கணக்கு மட்டும் மறக்காது.)

மைதானம் அதைவிடப் பழசு. 1860களில் வெள்ளைக்கார மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் அங்கே வந்தது. பெவிலியனில் இந்தியர்களுக்கு இடமில்லை. அந்தக் கோபத்தில்தான் புச்சிபாபு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். பின்னாடி 1952-ல் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அதே சேப்பாக்கத்தில், எதிரே இங்கிலாந்து.

1995-96 ரஞ்சி ஃபைனலில் கர்நாடகா தமிழ்நாட்டை ஜெயிச்சது. எனக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. கன்னடம் அரைகுறையாப் பேசும் அப்பா, சுரங்க ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது கால் கிலோ ஜாங்கிரியோடு வந்தார்.