காதில் ஏறிய எண்: நாஞ்சில் நாட்டுக் கால்நடை அடையாளங்களின் வரலாறு

கன்னியாகுமரி மாவட்டத்தில் கறவை மாட்டின் காதில் இன்று காணப்படும் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண்ணும் பட்டைக்கோடும் அச்சிடப்பட்டிருக்கும். நாடு முழுவதிலும் வேறெந்த மாட்டுக்கும் அந்த எண் கிடையாது. கால்நடைக்கு அடையாளமிடும் வழக்கம் மிகப் பழையது என்றாலும், அது எதற்காக இடப்பட்டது என்பது காலந்தோறும் மாறியிருக்கிறது. முதலில் உடைமைக்காகவும், பிறகு கடனுக்கும் காப்பீட்டுக்குமாகவும், அதன்பின் நோய்த்தடுப்புக்காகவும் இட்ட அடையாளம், இப்போது உணவுப் பாதுகாப்புக்கும் உதவ வேண்டியதாகியிருக்கிறது.

பாணினியின் இலக்கண நூலில் மாட்டின் காதில் இடும் எட்டு, ஐந்து, சுவஸ்திகம் போன்ற குறிகளுக்கான சொற்களைப் பற்றி ஒரு சூத்திரமே உண்டு. அர்த்தசாஸ்திரம், அரசு மந்தைகளைக் கவனிக்கும் அதிகாரி ஒவ்வொரு மாட்டின் சூட்டுக்குறி, இயற்கையான குறி, நிறம், கொம்புகளின் இடைவெளி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது.

தமிழகக் கோயில் கல்வெட்டுகளின் கணக்குமுறை இதற்கு நேர்மாறானது. அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கு ஆடோ பசுவோ கொடையளிக்கும்போது, இடையர்கள் அவற்றைப் பெற்றுக்கொண்டு அளவு குறையாமல் நெய் அளப்பதாக ஒப்புக்கொண்டார்கள். சோழநாட்டில் ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் கல்வெட்டுகளிலும் விளக்குக் கொடைகள் உண்டு. இத்தகைய ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறித்தன. இறந்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பும்; மந்தையின் எண்ணிக்கை குறையாது. அங்கே தலைக்கணக்குதான் முக்கியம். எந்த ஆடு என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு நெல் விளைந்த பூமி. 1906இல் பேச்சிப்பாறை அணை முடிந்தபின் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகங்களுக்கும் பாசனம் உறுதிப்பட்டது. இரண்டு போகத்துக்கும் உழவு மாடு வேண்டும். மாடு கைமாறும்போது அதன் உடம்பே சான்று. செவலை, மயிலை, காரி என்ற நிறமும், கொம்பின் வளைவும், திமிலும், சுழிகளும் அடையாளமாகக் கொள்ளப்பட்டன. வாயைத் திறந்து பல் பார்த்து வயது கணிப்பார்கள். இரண்டு பல் போட்டது ஏறத்தாழ இரண்டு வயது. எட்டுப் பல்லும் நிறைந்தால் நாலைந்து வயது. சூடு போடும் வழக்கமும் இருந்தது. ஆனால் நோவுக்கு வைத்தியமாகவும் சூடு போட்டதால், அந்தத் தழும்பை மட்டும் வைத்து மாடு யாருடையது என்று தீர்த்துவிட முடியாது. மாட்டை ஊரார் அறிந்திருந்த வரையில் எழுத்துப் பதிவு இல்லாமலே காரியம் நடந்தது.

உழவு இயந்திரங்கள் வந்ததும், நெல்வயல்கள் பல தென்னையாகவும் வாழையாகவும் மாறியதும் உழவு மாட்டின் தேவையைக் குறைத்தன. தொழுவத்தில் கலப்பினக் கறவை மாடு இடம்பிடித்தது. செயற்கைக் கருவூட்டலில் எந்தக் காளையின் வித்து, எந்தப் பசு, எந்தத் தேதி என்ற பதிவு அவசியம். நிறத்தில் ஒத்திருக்கும் ஜெர்சி கலப்பினங்களைக் கண்ணால் மட்டும் பிரித்தறிவதும் எளிதல்ல.

காதில் எண் ஏறியதற்கு உடனடிக் காரணம் கடன். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிந்தது. மானியத்தோடு வங்கிக் கடனில் கறவை மாடு வாங்கியவர்கள் அதைக் காப்பீடு செய்தார்கள். காப்பீட்டு மாட்டின் காதில் உலோக வில்லை மாட்டப்பட்டது. மாடு இறந்தால் இழப்பீடு பெற அந்த வில்லையைக் காட்டியாக வேண்டும். அது அறுந்து விழுந்திருந்தால் கோரிக்கை சிக்கலாகும். அந்த எண் காப்பீட்டுப் பத்திரத்தோடு நின்றது. மாட்டின் நோய் பற்றியோ பால் பற்றியோ எதுவும் சொல்லவில்லை.

நோய்த்தடுப்பு இந்த நிலையை மாற்றியது. மாட்டுப் பெருங்கொள்ளை நோயான வெக்கை, தனித்தனி எண்கள் இல்லாமலே ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் அதன் கடைசித் தாக்குதல் 1995இல் தமிழ்நாட்டில் பதிவானது; 2011இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. வெக்கைக்கு ஒருமுறை போட்ட தடுப்பூசி நெடுங்காலம் காத்தது. கோமாரி அப்படியல்ல. அதற்கான தடுப்பூசியின் வலு சில மாதங்களில் குறைவதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். எந்த மாட்டுக்கு எப்போது போடப்பட்டது என்று தெரியாவிட்டால் இது தொடர்ந்து நடக்காது. 2013இல் தமிழ்நாட்டில் கோமாரி கடுமையாகப் பரவி ஏராளமான மாடுகள் மடிந்தன.

தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2019 செப்டம்பர் 11இல் மதுராவில் தொடங்கப்பட்டது. ஐந்தாண்டுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கீடு. கோமாரிக்கு ஆண்டுக்கு இருமுறையும், கருச்சிதைவு நோயான புருசெல்லாவுக்கு 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறையும் தடுப்பூசி போடுவது திட்டம். இரத்த நாளங்களைத் தவிர்த்துக் காது மடலின் நடுவில் நெகிழி வில்லை பொருத்தப்படும். எண், இனம், உரிமையாளர், கருவூட்டல், தடுப்பூசி விவரங்கள் தேசிய பால்வள வாரியம் உருவாக்கிய தகவல் தளத்தில் ஏற்றப்பட்டன. இப்போது அந்த வேலையைப் பாரத் பசுதன் என்ற தளம் செய்கிறது. பதிவேடு மின்னணுவாக இருந்தாலும் வில்லையைக் கண்ணால்தான் படிக்க வேண்டும், அல்லது பட்டைக்கோட்டை வருட வேண்டும்.

வில்லையே வானலை மூலம் எண்ணைச் சொல்லும் முறை அடுத்த படி. அந்த வில்லைக்குள் மின்கலம் இல்லை. படிக்கும் கருவி அனுப்பும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஆற்றலால் சில்லு விழித்து 15 இலக்க எண்ணைத் திருப்பி அனுப்பும். இதற்கான அனைத்துலகத் தரங்கள் 1996இல் வந்தன. அதே ஆண்டு மார்ச்சில், பைத்தியப் பசு நோய்க்கும் மனிதரின் மூளை நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று பிரிட்டன் அறிவித்தது. இறைச்சி எந்த மாட்டிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாத நிலை ஐரோப்பிய நாடுகளை உலுக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரு காது வில்லைகளையும் மாட்டுக் கடவுச்சீட்டையும் மாட்டிறைச்சி விவரச்சீட்டையும் ஒரே சங்கிலியாக்கியது. ஆஸ்திரேலியா 2005இல் மாடுகளுக்கு நாடு தழுவிய மின்னணு அடையாளத்தைக் கட்டாயமாக்கியது. அண்டை மாநிலமான கேரளம் 2022இல் பத்தனம்திட்டா மாவட்டத்தில் தோலுக்கடியில் நுண்சில்லு செலுத்தும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது.

ஒரு சங்கிலி உணவுத் தட்டு வரை எட்ட வேண்டுமானால், மாட்டின் எண்ணும் பாலின் அல்லது இறைச்சியின் எண்ணும் ஒன்றோடொன்று இணைய வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் ஒவ்வொருவர் பாலையும் தனியே அளந்து கொழுப்பு பார்த்தாலும், ஒரே கலத்தில் ஊற்றியதும் மாட்டின் தடம் மறைந்துவிடும். கண்டுபிடிக்க முடிவது சங்கத்தையோ பால் ஊற்றியவரையோதான். எந்த மாடு என்பதை அல்ல. எதிர்உயிரி மருந்து எச்சமோ புருசெல்லாவோ கலந்திருந்தால், மாட்டின் சிகிச்சைப் பதிவும் பால் ஊற்றியவரின் கணக்கும் ஒத்துப்பார்க்கப்பட்டால் மட்டுமே மூலத்தை நெருங்க முடியும். இறைச்சியில் இடைவெளி இன்னும் பெரிது: அறுக்கும் இடத்தில் காது வில்லையோடு எண்ணும் நின்றுவிடுகிறது. மாநில எல்லையிலும் சங்கிலி அறுபடலாம்: 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததிலிருந்து களியக்காவிளை தமிழக-கேரள எல்லை. எல்லையைக் கடக்கும் மாட்டின் இடமாற்றம் தேசியத் தளத்தில் உடனுக்குடன் பதிவானால்தான் இரு பக்கத்துக் கால்நடை மருத்துவர்களும் ஒரே வரலாற்றைப் படிக்க முடியும். வில்லை மாட்டுவது இதன் முதல் பாதி. விற்பனை, இடமாற்றம், இறப்பு, அறுப்பு ஆகிய நான்கையும் பதிவது மறுபாதி.