சிந்தாமணி குறித்த மூன்று உரையாடல்கள்: குன்றத்தூர் முதல் கும்பகோணம் வரை

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் தாம் படித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றிப் பிறரிடம் பேசுவதும், கேட்டவர் அந்நூல் குறித்துத் தம் கருத்தைச் சொல்வதும் அன்றாட நிகழ்வுகள். தமிழ் இலக்கிய வரலாற்றில் இத்தகைய பேச்சுகள் சில, நூல்களின் ஆக்கத்திற்கும் மீட்புக்கும் காரணமாகியுள்ளன. சீவகசிந்தாமணி என்னும் ஒரே நூலை மையமாகக் கொண்டு நிகழ்ந்தனவாகக் கூறப்படும் மூன்று உரையாடல்களை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. கருத்தின் பயன் அதன் கடுமையிலோ இனிமையிலோ இல்லை. சொன்னவரும் கேட்டவரும் அதன்பின் மேற்கொண்ட உழைப்பிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: சீவகசிந்தாமணி, சேக்கிழார், நச்சினார்க்கினியர், உ.வே. சாமிநாதையர், வாசிப்பு வரலாறு, படப்பை

முன்னுரை

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் அமைந்த படப்பை, இன்று ஒரகடம் தொழிற்பகுதிக்குச் செல்லும் வழியாகவே பலராலும் அறியப்படுகிறது. வேலைமுறை மாற்றத்திற்கேற்பத் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் பேருந்துகளே இச்சாலையின் அன்றாடக் காட்சி. ஆனால் படப்பையை உள்ளடக்கிய குன்றத்தூர் வட்டத்தின் தலைமையூர், பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊராகும். அவர் அந்நூலைப் பாடுவதற்குக் காரணமாக மரபு கூறுவது, ஓர் அரசன் படித்துக்கொண்டிருந்த நூலைப் பற்றி எழுந்த பேச்சையே. வாசகர் கருத்து என்பதன் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு இது தக்க தொடக்கமாக அமைகிறது.

அமைச்சர் சொன்ன கருத்து

திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணி 13 இலம்பகங்களைக் கொண்ட சமணக் காப்பியம். அநபாயச் சோழன் இந்நூலின் சுவையில் ஈடுபட்டிருந்தான் என்றும், அமைச்சராக இருந்த சேக்கிழார் அதை விடுத்துச் சிவனடியார் வரலாற்றைக் கேட்குமாறு அறிவுறுத்தினார் என்றும் சேக்கிழார் புராணம் கூறுகிறது. இந்நூலை உமாபதி சிவாச்சாரியார் இயற்றியதாகக் கொள்வது மரபு. அநபாயன் என்பவன் கி.பி. 1133 முதல் 1150 வரை ஆட்சி செய்த இரண்டாம் குலோத்துங்கன் என்று ஆய்வாளர் பலர் கொள்வர்.

இந்நிகழ்ச்சியை அப்படியே வரலாறாகக் கொள்வதற்கில்லை. இதைச் சொல்லும் நூல் காலத்தாற் பிற்பட்டது. சைவச் சார்பில் நின்று எழுந்தது. எனினும் அது காட்டும் உரையாடலின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. அரசன் சினங்கொள்ளவில்லை, உடனே இணங்கவும் இல்லை. அவ்வடியார் வரலாற்றைப் பற்றி அவன் வினவ, சுந்தரரின் திருத்தொண்டத்தொகையையும் நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியையும் சேக்கிழார் எடுத்துக்காட்டினார். அவற்றை விரித்துக் காப்பியமாகச் செய்யும் பொறுப்பை அரசன் அவரிடமே ஒப்படைத்தான். ஒரு நூலை மறுத்தவர் அதற்கு ஈடான நூலைத் தாமே படைக்க வேண்டியவரானார்.

மறுக்கப்பட்ட நூலின் தடமும் புதிய நூலில் உள்ளது. விருத்த யாப்பைப் பெருங்காப்பியத்திற்கு உரியதாக நிலைநிறுத்தியது சிந்தாமணி. பெரியபுராணமும் அந்த யாப்பிலேயே, நாட்டுச் சிறப்பு, நகரச் சிறப்பு ஆகிய காப்பிய உறுப்புகளுடன் அமைந்துள்ளது. இதன் சருக்கங்களும் 13 ஆகும். எண்ணொற்றுமை ஒன்றைக்கொண்டு முடிவு கூறுதல் பொருந்தாது. ஆயினும் சிந்தாமணி வளர்த்த காப்பிய மரபின்மேல் நின்றே பெரியபுராணம் எழுந்தது என்பதில் ஐயமில்லை.

உரையாசிரியர் கேட்ட கருத்து

இரண்டாவது நிகழ்ச்சி 14-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் நச்சினார்க்கினியரைப் பற்றியது. சைவராகிய அவர் சிந்தாமணிக்கு எழுதிய முதல் உரையைச் சமணர்கள் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சமண நூல்களைப் பயின்று மீண்டும் உரை எழுத, அதனை அவர்கள் ஏற்றுக்கொண்டனர் என்றும் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. முதல் உரையாடலில் உழைப்பு கருத்துச் சொன்னவரைச் சேர்ந்தது. இங்கே அது கருத்தைக் கேட்டவரைச் சேர்ந்தது. ஒரு நூலைத் தன் வழக்கமாகப் படித்துவரும் மக்களின் கருத்து, புலமைக்கு மேலான சான்றாக மதிக்கப்பட்டதை இச்செய்தி உணர்த்துகிறது.

முன்சீப் கேட்ட கேள்வி

மூன்றாவது உரையாடலுக்கு உறுதியான சான்று உள்ளது. 21.10.1880 வியாழக்கிழமையன்று கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை, அவ்வூர்க் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர் சந்தித்தார். ஐயருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முறையாகப் பாடங்கேட்டவர் அவர். என்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்ற வினாவிற்கு அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் எனத் தாம் கற்றவற்றை அடுக்கினார். முதலியாரோ இவற்றால் என்ன பயன் என்று கேட்டதோடு, சீவகசிந்தாமணியையும் மணிமேகலையையும் சிலப்பதிகாரத்தையும் படித்ததுண்டா என்றும் வினவினார். தாம் அவற்றைப் படித்ததில்லை என்பதை ஐயர் ஒப்புக்கொண்டார். இந்நிகழ்ச்சியையும் அப்போது தம் மனம் அடைந்த வருத்தத்தையும் அவர் 'என் சரித்திரம்' நூலில் மறைக்காமல் பதிவு செய்துள்ளார்.

சிறந்த ஆசிரியரிடம் பல்லாண்டு பயின்றவருக்கும் சிந்தாமணி பாடமாகாமற் போனது தனிமனிதக் குறையன்று. சேக்கிழார் வாயிலாகச் சைவ மரபு கூறிய கருத்து, பிற்காலக் கல்விச் சூழலில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதையே அது காட்டுகிறது எனலாம். முதல் உரையாடல் எந்த நூலை விலக்கச் சொன்னதோ, அந்த நூலையே மூன்றாவது உரையாடல் திரும்பக் கொணர்ந்தது.

முதலியார் குறைகூறியதோடு நின்றிருந்தால் அப்பேச்சு ஒரு மனவருத்தமாகவே முடிந்திருக்கும். அவர் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை ஐயரிடம் கொடுத்தார். அந்நூலை ஐயரிடம் தாமும் பாடங்கேட்டார். சமணக் கருத்துகள் விளங்காத இடங்களில் ஐயர் கும்பகோணத்துச் சமணர்களை நாடினார். அவர்களுடைய வீடுகளில் சிந்தாமணி தொடர்ந்து படிக்கப்பட்டு வந்ததையும், படித்து முடிப்பது ஒரு விழாவாகக் கொண்டாடப்பட்டதையும் நேரில் கண்டார். புலவர் உலகம் மறந்த நூல் ஒரு சிறு சமூகத்தின் இல்லங்களில் உயிருடன் இருந்தது.

சைவர் சமண நூலைப் பதிப்பிப்பதா என்ற எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும் சைவ மடமாகிய திருவாவடுதுறை ஆதீனத்தின் ஏட்டுப் பிரதியும் பதிப்புக்கு உதவியது. 1887-இல் சீவகசிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து பத்துப்பாட்டு 1889-லும், முதலியார் கேட்ட மற்ற இரு நூல்களாகிய சிலப்பதிகாரம் 1892-லும் மணிமேகலை 1898-லும் ஐயரின் பதிப்பாக வந்தன. இடையே 1894-இல் புறநானூறு வெளியாயிற்று. பழந்தமிழ் நூல்களின் மீட்பு ஒருவராலேயே நிகழ்ந்ததன்று. 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளை போன்றோரின் பணியும் உடன் எண்ணத்தக்கது. எனினும் ஐயரை இத்துறைக்குத் திருப்பியது, என்ன படித்தீர்கள் என்ற ஒரு கேள்வியே.

முடிவுரை

மூன்று உரையாடல்களிலும் கருத்து கேட்டவரின் விருப்பத்திற்கு மாறானதாகவே இருந்தது. மூன்றிலும் கருத்தைத் தொடர்ந்து நீண்ட உழைப்பு வந்தது: சேக்கிழார் காப்பியம் பாடினார், நச்சினார்க்கினியர் மீண்டும் கற்றார், முதலியார் பிரதியைக் கொடுக்க, ஐயர் ஏடு தேடினார். நூலைப் பற்றிய கருத்து நூலை விலக்கவும் வல்லது, மீட்கவும் வல்லது என்பதையும் இவை சேர்ந்தே காட்டுகின்றன. நல்ல நூல், தேவையற்ற நூல் என ஒரு சொல்லில் முடித்துவிடும் இன்றைய வாசகர், அச்சொல்லின் விளைவுக்குத் தாமும் பொறுப்பாளி என்பதை இவ்வரலாற்றிலிருந்து உணரலாம்.

'படப்பை' என்ற சொல் சங்க நூல்களில் தோட்டம் என்ற பொருளில் வழங்குகிறது. ஒரகடம் செல்லும் பேருந்தின் பெயர்ப்பலகையில் அச்சொல்லைப் படிப்பவர் இன்று அதன் பழம்பொருளை நூலிற் கண்டறிய முடிகிறது. அந்நூல்களை அச்சில் நமக்குத் தந்த முயற்சிகளுள் ஒன்று, 1880-இல் ஒரு வியாழக்கிழமை நிகழ்ந்த இன்பமற்ற பேச்சில் தொடங்கியது.