தண்ணீருக்கு அடியில் இருந்த வேகம்

பழைய அவுட்போர்டு ரேஸ் மோட்டார்களைப் பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் மேல்பாகத்துக்குத்தான் போகிறது. பளபளக்கும் ஃப்ளைவீல், அதில் கயிறு சுற்றும் பள்ளம், வாய் திறந்த புகைக்குழாய். படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் குனிந்து கீழே பார்க்கிற ஆள். மில்வாக்கி பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கியர் வெட்டிப் பிழைத்தவன். ஓய்வு பெற்ற பிறகும் கை அந்தப் பக்கம்தான் போகிறது. மோட்டாரில் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் அடிப்பாகத்தை இங்கே லோயர் யூனிட் என்பார்கள். இந்தப் பந்தயத்தின் சரித்திரம் அதற்குள்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

விஸ்கான்சினில் உட்கார்ந்துகொண்டு ஓலே எவின்ரூடைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தொடங்க முடியாது. 1877-இல் நார்வேயில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோரோடு இங்கே வந்து, மெஷினிஸ்டாகத் தொழில் கற்றவர். ஓகாச்சி ஏரியில் பெஸ் கேரி ஐஸ்கிரீம் கேட்டது, ஓலே துடுப்புப் போட்டுப் போய் வாங்கி வருவதற்குள் அது உருகிப்போனது, அதிலிருந்து மோட்டார் யோசனை பிறந்தது என்ற கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த பெஸ்ஸைத்தான் ஓலே மணந்தார். வியாபாரத்தை நடத்தியதும் பெஸ்தான். எவின்ரூட் மோட்டார் கடைக்கு வருமுன்பே டெட்ராய்ட்டில் கேமரன் வாட்டர்மன் ஒரு மோட்டார் விற்றுக்கொண்டிருந்தார். முதலில் யார் என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. 1909-இல் வந்த அந்த எவின்ரூடின் அமைப்பில்தான் எனக்கு அக்கறை. ஒன்றரைக் குதிரைத்திறன், 28 கிலோ எடை. படுத்த சிலிண்டர், நிற்கும் கிராங்க் ஷாஃப்ட், தலையில் ஃப்ளைவீல், நேரே கீழே இறங்கும் தண்டு, தண்ணீருக்குள் ஒரு ஜோடி பெவல் கியர், அதன் முனையில் ப்ரொப்பல்லர். நூறு வருஷம் கடந்தும் பெட்ரோல் அவுட்போர்டின் அடிப்படை இதுதான். மேலே எவ்வளவு சக்தி பிறந்தாலும் அந்தக் கியர் ஜோடியில் தொண்ணூறு டிகிரி திரும்பிய பிறகுதான் அது தண்ணீரைத் தொடும்.

ஆரம்ப மோட்டார்கள் தூண்டில் போடுகிறவர்களுக்கானவை. படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நடைவேகத்தில் போகும். இண்டியானாவில் ஜான்சன் சகோதரர்கள் 1926-இல் ஆறு குதிரைத்திறன் மோட்டாரைக் கொண்டுவந்த பிறகு கதை வேறு. சின்னப் படகு ஒன்றை அது தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டது. படகு நீரைக் கிழிப்பதை விட்டு நீரின் மேல் வழுக்க ஆரம்பித்தால் அதே சக்திக்கு வேகம் இரண்டு மூன்று மடங்காகும். அதன்பின் சில வருஷங்களிலேயே அமெரிக்காவின் ஆறு, ஏரிகளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பந்தயம். பெரிய மோட்டார்படகுப் பந்தயம் பணக்காரர்களின் விளையாட்டாக இருந்த காலம் அது. அவுட்போர்டு அப்படியில்லை. மோட்டாரைத் தோளில் தூக்கி வரலாம், படகைக் காரின் கூரையில் கட்டி வரலாம். தச்சன் மகனும் வந்தான், கல்லூரிப் பையனும் வந்தான். கலிபோர்னியாவின் லொரெட்டா டர்ன்புல் என்ற இளம்பெண் ‘சன்கிஸ்ட் கிட்’ என்ற படகில் ஆண்களை ஜெயித்து, இத்தாலிவரை போய்ப் பந்தயம் ஓட்டினார். ஆல்பனியிலிருந்து நியூயார்க் வரை ஹட்சன் ஆற்றில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஒரு மாரத்தான் நடந்தது. மிதந்து வரும் கட்டைகளுக்கும், இழுவைக் கப்பல்கள் கிளப்பும் அலைக்கும் நடுவே, இளவேனிலின் குளிர் தண்ணீரில், மெல்லிய பலகைப் படகில் முட்டி போட்டபடி போக வேண்டும்.

அந்தக் காலத்து ஜான்சன் பி.ஆர். மோட்டாரை நான் கையால் தொட்டிருக்கிறேன். 30 கன அங்குலம், நம் கணக்கில் 490 சி.சி. எதிரெதிராகப் படுத்த இரண்டு சிலிண்டர். இரண்டும் ஒரே நொடியில் வெடிக்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒரே கிராங்க் அறை. பந்தயத்துக்கு இதில் மெத்தனால் ஊற்றுவார்கள், மசகுக்கு விளக்கெண்ணெய். விளக்கெண்ணெய் பெட்ரோலோடு சரியாகச் சேராது, மெத்தனாலில் நன்றாகக் கரையும். கொதிக்கும் உலோகத்தில் அது படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி அன்றைய மினரல் ஆயில் நின்றதில்லை. அதனால்தான் அந்தச் சேர்க்கை. ஓட்டி முடித்ததும் கழுவி எண்ணெய் விடாமல் வைத்தால், மெத்தனால் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். விளக்கெண்ணெய் காய்ந்து பிசினாகி பிஸ்டன் வளையங்களைப் பிடித்துக்கொள்ளும். சின்ன வயதில் மூக்கைப் பிடித்துப் பேதிக்கு ஊற்றிய அதே எண்ணெய் எரிகிற வாசனையை ஒரு பழைய மோட்டார் ஓட்டத்தில் முதன்முதலாக முகர்ந்தபோது நான் அசையாமல் நின்றுவிட்டேன். இங்கே பழைய ஆட்களுக்கு அந்த வாசனை என்றால் உயிர்.

இனி கார்ல் கீக்காஃபர். 1939-இல் மில்வாக்கிக்கு வடக்கே சீடர்பர்க்கில், நொடித்துப்போன ஒரு தொழிற்சாலையைப் பால்பண்ணைகளுக்கான காந்தப் பிரிப்பான்கள் செய்வதற்காக வாங்கினார். அங்கே மாண்ட்கோமரி வார்டு கம்பெனி வேண்டாம் என்று தள்ளிய அவுட்போர்டு மோட்டார்கள் கிடந்தன. அவற்றைச் சரிசெய்து விற்றுக் கைமுதல் பார்க்கலாம் என்று பிரித்தவர், பிறகு மோட்டாரை விடவே இல்லை. அவருடைய மெர்க்குரி மோட்டார் அப்படித்தான் பிறந்தது. யுத்த காலத்தில் ராணுவத்துக்கு மரம் அறுக்கும் சங்கிலி ரம்ப இன்ஜின் செய்தார். குறைந்த எடையில் அதிக சக்தி, புதிதாகச் சேர்ந்த சிப்பாய் கையிலும் உடையாத உறுதி என்று அங்கே கற்றதையெல்லாம் 1947-இல் வந்த ‘லைட்னிங்’ மோட்டாரில் இறக்கினார். அதுவரை வெண்கலப் புஷ் இருந்த இடங்களில் பால் பேரிங், ரோலர் பேரிங். இரண்டு சிலிண்டரும் ஒன்றன்மேல் ஒன்றாக, மாறி மாறி வெடிக்கும்படி. மாறி வெடிக்க வேண்டுமானால் கிராங்க் அறையை இரண்டாகத் தடுத்துக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். நடுப் பேரிங்கில் அதைச் சாதித்திருக்கிறார்கள். நல்ல வேலை அது. மோட்டார்மேல் 10 குதிரைத்திறன் என்று எழுதியிருக்கும். உண்மையில் அதற்கு மேலேயே கிடைக்கும். வாங்கிப் போனவன் பக்கத்துப் படகுக்காரனின் பத்தை முந்திப்போவான். அதைவிட நல்ல விளம்பரம் எது?

அந்த மோட்டாரின் வழிவந்தது கே.ஜி.7 எச். இதன் லோயர் யூனிட்டுக்கு ‘குவிக்சில்வர்’ என்று பெயர். என் பட்டறையில் ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் கீக்காஃபரின் ஆட்கள் எங்கே உட்கார்ந்து யோசித்தார்கள் என்பது எனக்கு விளங்கியது.

சாதாரண மோட்டாரில் ப்ரொப்பல்லர் கிராங்க் ஷாஃப்டைவிட மெதுவாகச் சுற்றும். அதற்கு மேல்தண்டில் சின்னப் பல்சக்கரம், ப்ரொப்பல்லர் தண்டில் பெரிய பல்சக்கரம். பெரியதை அடக்கக் கியர்பெட்டி தடிக்க வேண்டும். தடித்த கியர்பெட்டி தண்ணீரில் இழுக்கும், சக்தியில் ஒரு பங்கை அதுவே தின்னும். குவிக்சில்வரில் இரண்டு சக்கரமும் ஒரே அளவு, ஒன்றுக்கு ஒன்று. அதனால் கியர்பெட்டி கை மணிக்கட்டு மாதிரி ஒடுங்கிவிட்டது. தண்ணீர்ப் பம்ப்பை எடுத்துவிட்டார்கள். படகு போகிற வேகமே நீரைத் தள்ளி மேலே ஏற்றிச் சிலிண்டரைக் குளிரவைக்கும். புகை தண்ணீருக்குள் போகாமல் மேலேயே வெளியேறும். நியூட்ரல் கிடையாது, ரிவர்ஸ் கிடையாது. மோட்டார் பற்றிக்கொண்டால் ப்ரொப்பல்லர் சுற்றும், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் விலை உண்டு. நின்ற இடத்தில் ஓடவிட்டால் மோட்டார் வெந்துவிடும். அதனால் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, ஓட்டுபவர் ஃப்ளைவீலில் கயிற்றைச் சுற்றி இழுத்து, பற்றியதும் பாய்ந்து முட்டி போட வேண்டும். சின்ன ப்ரொப்பல்லர் வேகமாகச் சுற்றுவதால் தொடக்கத்தில் தண்ணீரில் பிடிப்பு குறைவு. மூக்கு மேலே தூக்கிக்கொண்டு படகு திணறும். ஓட்டுபவர் உடம்பை முன்னால் எறிந்து மூக்கை அமுக்கினால்தான் அது நீரின்மேல் ஏறும். ஏறிவிட்டால் பிறகு பேச்சில்லை. ப்ரொப்பல்லரின் முறுக்கு ஒரு சுற்றுக்கு 10 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 6,000 சுற்று. கணக்குப்படி மணிக்கு 91 கிலோமீட்டர். நழுவலில் கொஞ்சம் போகும். எவ்வளவு போகிறது என்பதில்தான் ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் வித்தியாசம். இரண்டு இலை வெண்கல ப்ரொப்பல்லரைப் பலகையில் வைத்து, அரத்தால் தேய்த்து, இலையின் விளிம்பைக் கத்திபோல் மெலிதாக்கி, முறுக்கை அளந்து தட்டி, மறுபடி அளப்பார்கள். நல்ல ப்ரொப்பல்லரைத் தன் கண்ணில் படாத இடத்தில் ஒருவரும் வைத்ததில்லை.

அந்தக் காலத்தில் ஓட்டிய பெரியவர் ஒருவர், தொண்ணூறை நெருங்கியவர், ஒரு கோடைச் சந்திப்பில் எனக்கு மோட்டார் உயரம் வைக்கச் சொல்லிக்கொடுத்தார். பின்பலகைக்கும் மோட்டாரின் பிடிக்கும் நடுவே மெல்லிய பலகைத் துண்டுகளைச் செருகி உயரத்தை மாற்றுவது வழக்கம். “ஏற்றிக்கொண்டே போ. திருப்பத்தில் ப்ரொப்பல்லர் பிடியை விடுகிற வரைக்கும் ஏற்று. விட்டதா? அரைக்கால் அங்குலம் இறக்கு. அதுதான் உன் உயரம். நாளைக்குக் காற்று மாறினால் அதுவும் செல்லாது” என்றார். உயர்த்தினால் கியர்பெட்டி நீருக்குள் குறைவாக முங்கும், ப்ரொப்பல்லரின் மேல் இலை காற்றில் சுற்றும், இழுவை குறையும். ரொம்ப உயர்த்தினால் குளிரவைக்கும் நீரும் ஏறாது. காது கேட்காத அந்த மனிதர், கையை ஃப்ளைவீலுக்குப் பக்கத்துத் தகட்டில் வைத்தே மோட்டார் சரியாகச் சுற்றுகிறதா என்று சொல்லிவிட்டார். காது போனதற்கும் இந்தப் பந்தயம்தான் காரணம்.

பந்தயம் தொடங்கும் முறையும் அலாதி. வரிசையில் நிறுத்திக் கொடி ஆட்டுவது முடியாது, நிற்க முடியாத மோட்டார்கள் அல்லவா? கரையில் பெரிய கடிகாரம் ஒன்று கடைசி ஒரு நிமிஷத்தை ஓட்டும். முள் பூஜ்யத்தைத் தொடும்போது முழுவேகத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு நொடி முந்தினால் தள்ளுபடி, ஒரு நொடி பிந்தினால் முன்னால் போகும் பத்துப் படகின் சாரல் முகத்தில். இடது கையில் அழுத்திப் பிடிக்கும் த்ராட்டில். கையை விட்டால் மோட்டார் அடங்கிவிடும். தூக்கி எறியப்பட்டவனைத் தேடிக்கொண்டு ஆளில்லாப் படகு வட்டமடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு.

யுத்தத்துக்குப் பின் வந்த ‘ஸ்டாக்’ வகுப்புகளை நான் மிகவும் மதிக்கிறேன். கம்பெனி விற்ற மோட்டாரை அப்படியே ஓட்ட வேண்டும். ஜெயித்தவரின் மோட்டாரைப் பந்தயம் முடிந்ததும் மேஜைமேல் பிரிப்பார்கள். சிலிண்டர் சுவரிலுள்ள துவாரங்களின் உயரம், பிஸ்டன், சிலிண்டர் விட்டம், எல்லாம் அளவு பார்க்கப்படும். ஒரு துவாரம் கொஞ்சம் உயர்ந்திருந்தாலும் கோப்பை கைமாறும். அதனால் பணம் உள்ளவனும் இல்லாதவனும் ஒரே மோட்டாரோடு வந்தார்கள். மிச்சமிருந்தது ப்ரொப்பல்லர், உயரம், படகு. படகைப் பலர் பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்துத் தாங்களே ப்ளைவுட்டில் செய்தார்கள். ஹால் கெல்லியின் வரைபடங்களுக்கு இன்றும் மரியாதை இருக்கிறது. மெத்தனால் வகுப்புகளில் வேறு சண்டை நடந்தது. இல்லினாயின் குவின்ஸியில் கிறிஸ்ட்னர் தன் வெல்டிங் பட்டறையில் மெர்க்குரிகளைத் திருத்தினார், பெர்லினில் டீட்டர் கோனிக் தானே மோட்டார் செய்தார். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

என் மனம் வின்னபேகோ ஏரியில்தான் நிற்கும். கீக்காஃபரின் தொழிற்சாலை பின்னால் அதன் தென்கரையில் ஃபான் டு லாக் ஊருக்கு வந்தது. 48 கிலோமீட்டர் நீளமான ஏரி, ஆழமோ எங்கும் ஏழு மீட்டரை எட்டாது. ஆழமில்லாத நீரில் காற்றடித்தால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். 1950-களில் மாரத்தான் ஓட்டியவர்களுக்கு அதில் முட்டியும் முதுகும் போயின. படகு அலையுச்சியில் பறக்கும்போது ப்ரொப்பல்லர் காற்றில் வெறிகொண்டு சுற்றும், விழுந்த கணத்தில் தண்ணீர் அதை அறைந்து நிறுத்தும். அந்த அடி முழுவதும் ஒடுக்கமான அந்தக் கியர்பெட்டிக்குள் ஒரு ஜோடி பல்லில் விழும். வழியில் நின்றுபோன படகுகளின் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பற்கள்தான் கண்முன் வருகின்றன.

1958 ஜூனில் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் ஹியூபர்ட் எண்ட்ரோப், ஆறு சிலிண்டர் மெர்க்குரி மார்க் 75 எச் மாட்டிய படகில் மணிக்கு 107.821 மைல் எடுத்தார். அவுட்போர்டு ஒன்று நூறு மைலைத் தாண்டிவிட்டது. இரண்டு வருஷத்தில் அவரே எவின்ரூட் மோட்டாரோடு 122.979 மைலுக்குப் போனார், அதாவது கிட்டத்தட்ட 198 கிலோமீட்டர். கம்பெனிகள் சாதனைகளையும் பெரிய மோட்டார்களையும் துரத்தப் போனபோது, ஞாயிற்றுக்கிழமைக்காரர்களின் கே.ஜி.7 எச் போன்ற சின்ன ரேஸ் மோட்டார்கள் விற்பனைப் பட்டியலிலிருந்து மறைந்தன. ஓட்டியவர்கள் நிறுத்தவில்லை. இருக்கிற மோட்டாரைப் பிரித்து, பாகம் மாற்றி, பட்டறைகளில் புதிதாகச் செய்து, வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். 1965-இல் பழைய அவுட்போர்டு மோட்டார் சங்கம் தொடங்கியது. குப்பைக்குப் போயிருக்க வேண்டிய பல மோட்டார்கள் அதன் உறுப்பினர்களின் கொட்டகைகளில் தப்பித்தன.

இப்போது மேல்பாகத்துக்குப் பஞ்சமில்லை. பேரிங் கடையில் கிடைக்கிறது, பிஸ்டன் வளையம் செய்து தருகிறார்கள். நல்ல குவிக்சில்வர் கியர் கிடைப்பதுதான் கஷ்டம். தண்டின் ரப்பர் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்து, வெளியே பெயின்ட் மினுங்க, உள்ளே பல் குழிகுழியாய் அரித்துப்போயிருக்கும். நான் நண்பர்களுக்காகப் பழைய ஜோடிகளை அளந்து, நல்ல நிக்கல் எஃகில் புதிதாக வெட்டித் தருகிறேன். பற்களில் நீல மை தடவிக் கையால் சுற்றிப் பார்ப்பேன். மை பல்லின் நடுவில் நீள்வட்டமாகப் பதிய வேண்டும். முனைப்பக்கம் ஒதுங்கினால் ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்ற வேண்டும். மறுபடி மை, மறுபடி சுற்று. சரியாகப் பதிந்த ஜோடியை மட்டும்தான் பெட்டிக்குள் வைத்து மூடுகிறேன்.